காணாததை ‘உண்டு’ என்பது

1960களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயல் சுரங்கம் ஒன்றுக்குள், தரையிலிருந்து சுமார் 2,760 மீட்டர் கீழே ஒரு கருவியை இறக்கி வைத்துவிட்டு மூன்று இயற்பியலாளர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் ஜப்பானின் ஒசாக்காவிலிருந்து வந்த எஸ். மியாக்கே. மற்ற இருவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி. எஸ். நரசிம்ஹமும் பி. வி. ரமண மூர்த்தியும். வளிமண்டலத்தின் உச்சியில் பிறந்து கீழே பாயும் மியூவான் என்ற துகள் பாறையைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு ஆழம் வரை இறங்கும் என்று அளப்பது அவர்கள் வேலை. தரை மட்டத்தில் உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒரு மியூவானாவது அதன் வழியே போகும். சுரங்கத்தில் இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசி ஆழத்தில் சுமார் இரண்டு மாதம் கருவி ஓடியது. ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். மியூவான்கள் எட்டாத ஓர் இடம் கிடைத்துவிட்டால், அங்கே பதிவாகும் ஒரே ஒரு கீற்றுக்கும் பொருள் உண்டு. அவ்வளவு பாறையையும் பொருட்படுத்தாமல் வரக்கூடிய துகள் என்று அப்போது அறியப்பட்டிருந்தது நியூட்ரினோ ஒன்றுதான். மின்னூட்டம் இல்லை, எடை இருக்கிறதா என்றே நெடுங்காலம் தெரியவில்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கின்றன. பூமியையே ஊடுருவிப் போய்விடுகின்றன. நம் உடலில் ஒரு சுவடும் மிஞ்சுவதில்லை.

யாரும் கண்ணால் காணாத, இனியும் காண முடியாத ஒன்றை ‘உண்டு’ என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? இறைவனைப் பற்றிப் பேசும்போது தமிழர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வி இது. பெங்களூரிலிருந்து ரயிலில் போய்வரும் தொலைவில் உள்ள ஒரு தங்கச் சுரங்கத்தில், இதே கேள்விக்கு வேறொரு வகையில் விடை தேடப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

நியூட்ரினோ முதலில் ஒரு கணக்கின் துண்டாகத்தான் பிறந்தது. கதிரியக்கத்தில் அணுக்கரு ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளும்போது, முன்பிருந்த ஆற்றலும் பின்பிருந்த ஆற்றலும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. குறைந்த அளவும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக இருந்தது. ஆற்றல் அழியாது என்ற விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவரே யோசித்தார். 1930 டிசம்பர் 4 அன்று வோல்ஃப்காங் பவுலி சக ஆய்வாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் வேறு வழி ஒன்றைச் சொன்னார்: கண்ணுக்கும் கருவிக்கும் தப்பும் ஒரு துகள் மிச்ச ஆற்றலைச் சுமந்துகொண்டு ஓடிவிடுகிறது. வேறு வழியின்றிச் செய்த பரிகாரம் என்பதை அவரே அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

மீமாம்சகர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருந்திருக்காது. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் உடல் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் உண்கிறான் என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இதற்கு அருத்தாபத்தி என்று பெயர். இரண்டு உண்மைகள் முரண்படும்போது, முரணைத் தீர்க்கும் மூன்றாவது ஒன்றை இருப்பதாகக் கொள்வது. 1930இல் பவுலியின் துகளுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் கிடையாது.

அதே வகையில்தான் மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் முதல் நூற்பாவிலேயே தொடங்குகிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவித்து ஒடுக்கும் ஒருவன் உண்டு. அறிவுக்குக் கருவிகள் எத்தனை என்று எண்ணிய அருணந்தி சிவாசாரியார், பிறர் சொன்ன பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். நேரே காண்பது, கண்டதிலிருந்து காணாததை உய்த்து அறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது. அவருடைய சிவஞான சித்தியாரில் கடவுளைப் பற்றிய பேச்சுக்கு முன்பாகவே இந்த அளவை ஆராய்ச்சி வந்துவிடுகிறது. எதை அறிகிறோம் என்பதற்கு முன் எப்படி அறிகிறோம் என்று கேட்கும் இந்த ஒழுங்கு மதிக்கத் தக்கது.

அப்படியானால் பவுலியின் துகளும் மெய்கண்டாரின் இறைவனும் தர்க்கத்தில் ஒரே படியில் நிற்கிறார்களா? 1930இல் நின்று பார்த்தால், ஏறக்குறைய ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலின் பழைய வடிவம் மணிமேகலையில் இருக்கிறது. வஞ்சி மாநகரில் ஆண் துறவி வேடத்தில் சமயவாதிகளைச் சந்திக்கும் மணிமேகலையிடம் பூதவாதி உறுதியாகச் சொல்கிறான்: கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன், கருதல் அளவை செல்லாது. அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய்? தான் பிறந்ததைத் தானே கண்டவர் எவரும் இல்லையே. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்ஸ்ட் மாக் இதே பூதவாதியின் இடத்தில் நின்றார். பெரிய இயற்பியலாளர், ஆனாலும் புலனுக்கு எட்டாத அணுவை மெய்ப்பொருள் என்று ஏற்க மறுத்தார். 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோதும், 1908இல் ழான் பெரின் நீரில் மிதந்த நுண்துகள்களின் நடுக்கத்தை அளந்து அணுக்களின் எண்ணிக்கையைக் கணித்தபோதும் அவர்கள் செய்தது மணிமேகலையின் பதிலுக்கு எண்களைச் சேர்த்ததுதான்.

அதே காதையில் ஆசீவகவாதி இன்னும் கூர்மையான ஒன்றைச் சொல்கிறான். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களைத் தனித்தனியே தெய்வக் கண்ணுடையவர்களே காண முடியும். மற்றவர்களுக்கு அவை திரண்ட பிறகே தெரியும். மாலை மயக்கத்தில் ஒற்றை மயிர் கண்ணில் படாது, கற்றையாக இருந்தால் தெரியும். எண்ணிக்கைதான் காட்சியைத் தருகிறது என்ற இந்தக் கருத்து வியப்பூட்டுகிறது. வைசேடிகர்கள் அணுவுக்குக் காட்டிய காரணமும் அழகானது. பகுத்துக்கொண்டே போவதற்கு முடிவில்லை என்றால் மேரு மலையிலும் எல்லையற்ற பகுதிகள், கடுகிலும் எல்லையற்ற பகுதிகள். இரண்டும் ஒரே அளவாகிவிடும். ஆகவே பகுப்பு எங்கோ நிற்க வேண்டும். பௌத்தரான வசுபந்து விடவில்லை: ஓர் அணுவை ஆறு திசையிலும் ஆறு அணுக்கள் தொட்டால் அதற்கு ஆறு பக்கங்கள் உண்டாகும், பக்கம் உள்ளது பகுக்கப்படாதது எப்படி ஆகும்?

இவற்றைக் காட்டி நம் முன்னோர் அணுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது அந்த முன்னோருக்கே இழைக்கும் அநீதி. அவர்கள் செய்தது துகள் கண்டுபிடிப்பு இல்லை; துகள் ஒன்றை உண்டு எனச் சொல்ல என்ன தகுதி வேண்டும் என்று ஒருவரை ஒருவர் மடக்கிக் கேட்டார்கள். அவர்களிடம் கேள்வி முதிர்ந்திருந்தது. சோதிக்கும் கருவி இல்லை.

கருவி தென்னாட்டுக்கு வந்ததில் ஒரு போருக்குப் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஹோமி பாபா 1939இல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தார். போர் மூண்டது, திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இயற்பியல் துறைக்கு அப்போது சி. வி. ராமன் தலைவர். பாபாவுக்காக அங்கே டாடா அறக்கட்டளையின் உதவியோடு, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் பிரிவு ஒன்று அமைந்தது.

பாபா அதற்குள்ளாகவே உய்த்தறிதலில் தேர்ந்தவராக இருந்தார். 1937இல் அவரும் வால்ட்டர் ஹைட்லரும், ஒரே ஓர் எலெக்ட்ரான் வளிமண்டலத்தில் நுழைந்து எப்படித் துகள் மழையாகப் பெருகுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எலெக்ட்ரான் ஒளித்துகளை உமிழும். ஒளித்துகள் எலெக்ட்ரான், பாசிட்ரான் இணையாகப் பிரியும். அவை மறுபடி உமிழும். அந்தக் கணக்குப்படி, தடித்த ஈயத்தைக் கடந்தும் தளராமல் வரும் துகள்கள் எலெக்ட்ரானாக இருக்க முடியாது. அவை வேறு ஏதோ. இன்று மியூவான் என்று அழைக்கப்படும் துகளை இனங்காண அந்த விலக்கல் வாதம் உதவியது. 1938இல் அவர் இன்னொன்றும் சொன்னார்: இந்தத் துகள் தானே சிதைந்துபோகும் இயல்புடையதானால், வேகமாக ஓடும்போது அதன் ஆயுள் நமக்கு நீண்டு தெரிய வேண்டும். ஐன்ஸ்டீனின் காலக் கணக்கை வானத்திலிருந்து விழும் துகளைக் கொண்டே சோதித்துவிடலாம் என்பது அதன் பொருள். பின்னால் அப்படியே நடந்தது.

பெங்களூரில் பாபாவின் பிரிவு கைகர் எண்ணிகளை அடுக்கித் தொலைநோக்கி போலாக்கி, விமானங்களில் ஏற்றி, உயரம் கூடக்கூட ஊடுருவும் துகள்கள் எப்படிப் பெருகுகின்றன என்று அளந்தது. அதே வளாகத்தில் விக்ரம் சாராபாய் காஸ்மிக் கதிர்களின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலில் இந்த வளாகத்திலேயே தொடங்கப்பட்டு, சில மாதங்களில் பம்பாய்க்குப் போனது. நிறுவனம் போனாலும் தெற்கோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. உயரே போய் அளந்தாயிற்று; இனி ஆழத்தில் அளக்க வேண்டும். அதற்குத் தங்கவயலைவிடத் தோதான இடம் உலகில் அதிகமில்லை. நஞ்சன்கூட்டில் பிறந்து பெங்களூரில் படித்த பி. வி. ஸ்ரீகாந்தன் என்ற இளைஞரை, 1950களின் தொடக்கத்தில் பாபா சுரங்கத்துக்கு அனுப்பினார்.

அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம் பகுதிகளின் சேரிகளிலிருந்து வந்த தமிழர்கள்தான் அதன் உழைப்பில் பெரும்பகுதி. பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் ஆழங்கள் அங்கே உண்டு. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து ஆயுளைக் குறைக்கும். சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் மேலே வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான ஷாஃப்ட், காற்றோட்டம், ஆட்களை இறக்கும் கூண்டு ஆகிய எல்லாம் இயற்பியலாளர்கள் வந்தபோது தயாராக இருந்தன. அவர்கள் கருவியை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று ஆனதற்கு மூன்று நான்கு தலைமுறையின் உயிர் விலையாகியிருந்தது.

1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட் பகுதியில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா நிறுவனமும் ஒசாக்கா, டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவியை அமைத்தன. எதிரெதிரே இரண்டு செங்குத்துச் சுவர்கள். துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நடுவே ஈயமும், நியான் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் அடுக்குகளும். இரு சுவர்களும் ஒரே கணத்தில் மின்னினால், குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்துபோன குழாய்கள் மட்டும் செம்மஞ்சளாக ஒளிரும். கேமரா அதைப் படச்சுருளில் பதியும்.

சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதில்தான் நுட்பம் இருக்கிறது. மேலேயிருந்து நேராக வரும் மியூவான்களில் மிகச் சில அந்த ஆழத்தையும் எட்டலாம். பக்கவாட்டில் வருவதென்றால் பாறையில் பல கிலோமீட்டர் கடக்க வேண்டும். எந்த மியூவானாலும் முடியாது. ஆகவே கிடைமட்டமாக ஒரு தடம் விழுந்தால், அந்த மியூவான் வெளியிலிருந்து வந்ததில்லை. சுவருக்குப் பக்கத்துப் பாறையிலேயே பிறந்தது. அதைப் பிறப்பித்தது நியூட்ரினோ.

இதைக் காட்சி என்பதா? படச்சுருளில் தெரிவது நியான் வெளிச்சம். வெளிச்சத்தின் காரணம் மியூவான். மியூவானின் காரணம் நியூட்ரினோ. புகையிலிருந்து தீயை அறிவதுபோல் ஒரே எட்டில் தாவ முடியவில்லை. படிப்படியாக இறங்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதித்துக்கொள்ள முடிந்தது. குழாய் ஒழுங்காக ஒளிர்கிறதா என்பதைத் தரைமட்டத்தில், மியூவான் மலிந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பாறை எவ்வளவு வடிகட்டும் என்பதை ஏற்கெனவே பல ஆழங்களில் அளந்திருந்தார்கள். கருதல் அளவைக்கு அடிப்படை, இன்னது இருந்தால் இன்னது தப்பாமல் இருக்கும் என்ற உடன்நிகழ்ச்சி. பழைய தருக்க நூல்கள் அடுக்களைப் புகையையும் தீயையும் காட்டி இதை விளக்கின. ஸ்ரீகாந்தனின் தலைமுறை சுரங்கத்தின் ஒவ்வொரு தளத்திலும் எண்ணிப் பார்த்து அதை நிறுவியது.

ஆண்டுக்கு ஒரு சில தடங்களே கிடைத்தன. 1965 ஆகஸ்டில் முடிவு வெளியானது. டாடா நிறுவனத்தின் எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகாந்தன், ஒசாக்காவின் மியாக்கே, டர்ஹமின் ஆர்னால்ட் வோல்ஃபென்டேல் உட்படப் பதினொரு பேர் கையெழுத்திட்ட கட்டுரை அது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்டதாக உலகுக்கு வந்த முதல் செய்தி. இரண்டு வாரம் கழித்து, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை வந்தது. அவர்களுக்கு முதல் தடம் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. அச்சில் வந்ததில்தான் கோலார் முந்தியது. 1956இல் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரினோவை கிளைட் கோவனோடு சேர்ந்து முதலில் பிடித்தவரும் இதே ரைன்ஸ்தான். பவுலியின் கடிதத்துக்கும் அந்தப் பதிலுக்கும் இடையே 26 ஆண்டு.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 1930இல் ஒரே படியில் நின்றதாகத் தோன்றிய இரண்டு வாதங்களும் 1965இல் பிரிந்துவிட்டன. பவுலியின் துகள், தான் பொய்யாகக்கூடிய வழியைத் தன்னோடு கொண்டுவந்தது. இத்தனை டன் பாறைக்கு இத்தனை மாதத்தில் இத்தனை தடம் விழ வேண்டும்; விழாவிட்டால் கருத்து தவறு. இறைவனைப் பற்றிய வாதத்தில் இப்படியொரு நிபந்தனை இல்லை. இருக்கவும் கூடாது என்று சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்லர், ஆழ்ந்த பக்தர்கள். பானைக்குக் குயவன் இருப்பதுபோல் உலகுக்கு ஒருவன் உண்டு என்ற வாதத்தைத் தம் ஸ்ரீபாஷ்யத்தில் உடைத்தவர் ராமானுஜர். திருப்பெரும்புதூரில் பிறந்து கன்னட நாட்டு மேல்கோட்டையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அந்த ஆச்சாரியர், உலகின் பகுதிகளைப் பலர் பல காலங்களில் செய்திருக்கலாமே, ஒருவனே செய்தான் என்பது எப்படிப் பெறப்படும் என்று கேட்டார். அனுமானத்தால் இறைவனை நிறுவ முடியாது, மறையே வழி என்பது அவர் முடிவு. சைவ சித்தாந்தமும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. உலகப் பொருள்களால் வரும் பாச ஞானத்தாலும், உயிர் தன்னால் பெறும் பசு ஞானத்தாலும் பதியாகிய இறைவனை அறிய முடியாது. அவன் அருளாலேயே அறிய வேண்டும்.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் இரு பக்கமும் நட்டம். 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவில் ஹிக்ஸ் போசான் அறிவிக்கப்பட்டபோது தமிழ்ப் பத்திரிகைகளும் ‘கடவுள் துகள்’ என்று தலைப்பிட்டன. லியோன் லெடர்மன் 1993இல் தம் நூலுக்கு இட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தத் துகளுக்கும் கடவுளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கருவியில் எண்ணப்படும் எதுவும், நாளைக்கே இல்லை என்று ஆகக்கூடியது. அப்படி ஒன்றின் மீது தம் வழிபாட்டை நிறுத்த ராமானுஜரும் மெய்கண்டாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். கருவியில் அகப்படவில்லை என்பதால் இறைவன் இல்லை என்று முடிப்பதும் அதே அளவு தவறான கணக்கு.

இந்த எல்லைக்கோட்டில் நின்று சிந்தித்தவர்களில் ஸ்ரீகாந்தனும் ஒருவர். டாடா நிறுவனத்தின் இயக்குநராக 1975 முதல் 1987 வரை இருந்தவர், ஓய்வுக்குப் பின் பெங்களூர் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தில் அறிவியலின் தத்துவத்தையும் உணர்வு என்பதன் இயல்பையும் ஆராய்வதில் கால் நூற்றாண்டுக்கு மேல் செலவிட்டார். 2019இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். நியூட்ரினோவை எண்ணத் தெரிந்தவருக்கு, எண்ணுகிறவன் யார் என்ற கேள்வி எண்ணிக்கைக்குள் அடங்காதது என்பது தெரிந்திருந்தது. அதைத் தனிப் படிப்பாக எடுத்துக்கொண்டார்.

தங்கவயலின் வெற்றியைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதன் தோல்வியே இந்தக் கேள்விக்கு அதிகம் கற்றுத் தருகிறது. 1970களில் எழுந்த ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள், புரோட்டானும் நிலையானதில்லை, ஒரு நாள் சிதையும் என்றன. அதன் சராசரி ஆயுள் 1க்குப் பின் 31 சுழியம் போட்ட ஆண்டுகள் அளவில் இருக்கலாம் என்பது கணிப்பு. ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. ஆனால் 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாக ஏறத்தாழ அதைப்போல் எட்டு மடங்கு இருக்கின்றன. சேர்த்து வைத்துக் காத்திருந்தால் ஆண்டுக்குச் சிலவாவது சிதைய வேண்டும். 1980இன் இறுதியில் அதே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இரும்புத் தகடுகளும் வாயு எண்ணிகளும் மாறி மாறி 34 அடுக்குகளாக நின்ற 140 டன் கருவி ஓடத் தொடங்கியது. புரோட்டான் சிதைவுக்கென்றே கட்டப்பட்ட பெருங்கருவிகளில் உலகிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது.

ஓராண்டுக்குள் சில பதிவுகள் கிடைத்தன. கருவியின் நடுவிலேயே பிறந்து எதிரெதிர்த் திசையில் பிரியும் தடங்கள். புரோட்டான் சிதைந்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. சிதைவாக இருக்கக்கூடியவை என்ற பெயரோடு அவற்றை வெளியிட்டார்கள். உலகமே கோலாரைத் திரும்பிப் பார்த்தது.

இங்கே மணிமேகலையின் இன்னொரு காதை துணைக்கு வருகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது, நல்ல ஏதுவைச் சொன்ன கையோடு ஏதுப்போலிகளை நீளமாக அடுக்குகிறார். அவற்றில் ஒன்று அநைகாந்திகம்: ஒரு காரணம் நிறுவ வேண்டிய பொருள் இருக்கும் இடத்திலும் காணப்படும், இல்லாத இடத்திலும் காணப்படும். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டக்கூடாது. கருவிக்குள் பிறக்கும் அந்தத் தடங்கள் அப்படிப்பட்டவை. புரோட்டான் சிதைந்தாலும் அவை வரும். கருவியின் இரும்பில் ஒரு நியூட்ரினோ மோதினாலும் ஏறக்குறைய அதே உருவில் வரும். 1965இல் தேடிப் பிடித்த நியூட்ரினோ, 1980களில் போலியை உண்டாக்கும் இடைஞ்சலாக நின்றது.

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கடியில் உப்புச் சுரங்கத்தில் அமைந்த பெரிய நீர்த்தொட்டியில் சிதைவு எதுவும் தென்படவில்லை. ஜப்பானின் கமியோக்காவிலும் இல்லை. இன்றைக்கு அங்கே சூப்பர் கமியோக்காண்டே கருவி சொல்லும் கணக்குப்படி, சிதைவு நடந்தாலும் புரோட்டானின் ஆயுள் அந்தப் பழைய கணிப்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். கோலார் கருவி 1992 வரை ஓடி நின்றது. உண்டு என்று சொல்லும் நிலை வரவில்லை. தங்கள் நம்பிக்கையைத் தாங்களே அடித்துப் போடக்கூடிய கருவியை இத்தனை பாடுபட்டு ஆழத்தில் கட்டி, அதன் தீர்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பதை ஒரு தவம் என்று சொல்வதில் மிகை இல்லை. கமியோக்காவுக்குப் பரிசு வேறு வழியில் வந்தது: இடைஞ்சல் என்று ஒதுக்கப்பட்ட நியூட்ரினோக்கள் 1998இல் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவது அங்கே தெரிந்தது. அவற்றுக்கு எடை உண்டு என்பது அதன் பொருள். அந்த ஆய்வுக்காகத் தகாக்கி கஜித்தாவுக்கு 2015இல் நோபல் பரிசு.

காண்டலும் கருதலும் ஆயின, மீதி உரை. நியூட்ரினோ உண்டு என்று ஏற்கும் கோடிக்கணக்கானவர்களில் படச்சுருளைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு அது பிறர் சொல். இயற்பியலாளர்களே ஒருவர் அளவீட்டை மற்றவர் சொல்லாகத்தான் ஏற்கிறார்கள். உரை அளவைக்குப் பழையோர் கேட்ட தகுதி, சொல்பவர் அறிந்தவராகவும் பொய்யுரைக்க நோக்கமில்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது. பௌத்த தருக்கம் இன்னும் கறாரானது. காண்டல், கருதல் இரண்டையே அறவண அடிகள் ஒப்புகிறார்.

அந்தக் கறாரைத் தங்கவயல் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட இடங்களில் தங்கவயலின் மாரிக்குப்பம் முக்கியமானது. சாதியைப் பிறவியின் உண்மை என்று சொன்ன உரையை அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். சங்கம் வைத்தார்கள், அச்சிட்டுப் பரப்பினார்கள், அயோத்திதாசர் எழுத்துகளை மறுபதிப்புச் செய்து காத்தார்கள். தரைக்கு மேலே ஒரு தலைமுறை அதிகாரத்தின் சொல்லைச் சோதித்தது. அதே ஊரின் காலடியில் அடுத்த தலைமுறை இயற்கையின் சொல்லைச் சோதித்தது. 1965 கட்டுரையின் பதினொரு பெயர்களில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெயரும் இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

உரையின் நம்பகம் ஒரு நாளில் உண்டாவதில்லை என்பதற்குத் தேனி மாவட்டப் பொட்டிபுரமே சாட்சி. கோலாரின் வாரிசாக அங்கே மலைக்கடியில் 50,000 டன் காந்த இரும்போடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோ யாரையும் தீண்டாது என்று இயற்பியலாளர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் ஊர்க்காரர்களின் அச்சம் நியூட்ரினோவோடு நிற்கவில்லை. பாறை வெடிப்பு, தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு, முன்னறிவிப்பின்றி வந்து நிற்கும் அரசுத் திட்டங்களின் பழைய அனுபவம் என்று அது விரிந்தது. துகளைப் பற்றிய உரைக்குத் தகுதி இருந்தது. திட்டத்தைப் பற்றிய உரைக்கு அந்தத் தகுதியை யாரும் முதலிலேயே ஈட்டி வைக்கவில்லை. 2022இல் தமிழக அரசு அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்த ஆய்வகம் தீர்த்து வைத்திருக்கக்கூடிய வழக்கு ஒன்று இன்னும் கோலார் ஏடுகளில் கிடக்கிறது. நியூட்ரினோ தேடலின்போது, பாறைச் சுவருக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பல தடங்கள் ஒன்றாகப் பிறந்தது போன்ற சில பதிவுகள் கிடைத்தன. புதிய துகள் ஒன்றின் சிதைவாக இருக்கலாம் என்று 1975இல் அந்தக் குழு எழுதியது. துகள்முடுக்கிகளில் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. போலி என்று தள்ளவும் யாராலும் முடியவில்லை. 2014இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், அவை கரும்பொருள் துகளின் சிதைவாக இருக்கக்கூடுமா என்று அந்தப் பழைய தடங்களை மறுபடி எடுத்துக் கேட்டார்கள். பெரிய கருவி ஒன்று ஆழத்தில் சில ஆண்டு ஓடினால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்துவிடும். அதற்கு இயற்பியலாளர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் பொட்டிபுரத்து ஊர்மந்தை. அங்கே பாறை வெடிப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கு, அளந்து காட்டக்கூடிய பதில்களோடு, தங்கள் கணக்கு தவறினால் என்ன செய்வோம் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.